வெளிச்சம் குடியேறிய வீடு

இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர், முன்னால் தெரு, பின்னால் இன்னொருவரின் கொல்லை. நகரத்தில் சிறிய மனை வாங்கி வீடு கட்ட முனைவோரில் பலருக்கும் வாய்ப்பது இதுதான். முன்னறையில் மட்டும் வெயில் விழும். நடுவீட்டில் நண்பகலிலும் மின்விளக்கு எரியும். மனை சிறியது, வேறென்ன செய்ய முடியும் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம். அவ்வாறு தேற்றிக்கொள்ள மறுத்த ஒருவருடைய வாழ்க்கையை அண்மையில் மீண்டும் படித்தேன். மின்விளக்கே இல்லாத காலத்தில், மேகமூட்டத்துக்குப் பேர்போன லண்டனில், வீட்டின் நடுப்பகுதிக்குள் பகலைக் கொண்டுவந்தவர் அவர். அவருடைய பெயர் ஜான் சோன்.

1753-ஆம் ஆண்டு தேம்ஸ் நதிக்கரையில் கோரிங் என்ற ஊரில், செங்கல் வேலை செய்யும் ஒரு கொத்தனாரின் மகனாகப் பிறந்தார். 15 வயதில் ஜார்ஜ் டான்ஸ் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் சேர்ந்தார். ராயல் அகாதெமியில் பயின்று 1776-இல் தங்கப்பதக்கம் வென்றார். அரசரின் உதவித்தொகையில் 1778-இல் இத்தாலிக்குப் பயணமானார். ரோமாபுரியின் இடிபாடுகளையும் தென்னகத்தின் பொன்வெயிலையும் கண்ட அந்த இரண்டு ஆண்டுகளை அவர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. 1784-இல் வசதி படைத்த கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரின் மருமகளான எலிசபெத்தை மணந்தார். அதுவரை தன் குடும்பப் பெயரில் இல்லாத ஓர் எழுத்தை அந்த ஆண்டில் சேர்த்துக்கொண்டார். கொத்தனார் மகன் என்ற அடையாளத்தை அந்த ஒற்றை எழுத்து கொஞ்சம் மறைத்திருக்கும் போலும்.

1788-இல் பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் கட்டடக் கலைஞராக நியமிக்கப்பட்டு, 45 ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். 1780-இல் மூண்ட கலவரத்தில் அந்த வங்கி தாக்கப்பட்டிருந்தது. எனவே பாதுகாப்பு கருதி, அதன் வெளிச்சுவரில் ஜன்னலே வைக்க முடியாத நிலை. உள்ளேயோ நூற்றுக்கணக்கான எழுத்தர்கள் கணக்கு எழுத வேண்டும். பக்கவாட்டில் வழியடைத்தால் வெளிச்சத்துக்கு மிஞ்சுவது வானம் மட்டுமே. மேல்விளக்கம் கொண்ட குவிமாடங்களால் அந்தக் கூடங்களை அவர் ஒளிரச் செய்தார். சோனின் கலையைப் பற்றி எழுதுவோர் அவருடைய கற்பனையைப் போற்றுவார்கள். எனக்கு என்னவோ, அந்த ஜன்னலற்ற சுவரே அவருக்கு ஆசானாக அமைந்தது என்று தோன்றுகிறது.

மனைவியின் மாமா 1790-இல் மறைந்தபோது கணிசமான சொத்து வந்துசேர்ந்தது. அதைக்கொண்டு 1792-இல் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் என்ற சதுக்கத்தின் வடபுறத்தில் 12-ஆம் எண் வீட்டை வாங்கினார். அதை இடித்துப் புதிதாகக் கட்டிக் குடியேறினார். பின்னர் 1807-இல் பக்கத்து 13-ஆம் எண் வீட்டையும் வாங்கி, 1812-இல் அதன் முன்பகுதியைத் தனக்கும் குடும்பத்துக்கும் உரிய இல்லமாக எழுப்பினார். வரிசை வீடுகளுக்கு நடுவே ஒன்று என்பதால் இருபக்கமும் ஜன்னல் வைக்க வழியில்லை. போதாக்குறைக்கு, ஜன்னல்களை எண்ணி வரி வசூலித்த காலம் அது. முகப்பில் வெள்ளைக் கல்லால் ஒரு முன்கூடம் அமைத்தார்; அது அண்டை வீடுகளின் கோட்டைத் தாண்டித் தெருப்பக்கம் நீண்டது. விதிமீறல் என்று மாவட்ட அளவையர் வழக்குத் தொடுத்தார். தீர்ப்பு சோனுக்குச் சாதகமாக அமைந்தது. விதிகளை நன்கறிந்தவரே விதியின் விளிம்பில் நின்று கட்டும் வழக்கம் அன்றும் இருந்திருக்கிறது.

அந்த வீட்டில் என் மனதை மிகவும் ஈர்ப்பது காலைச் சிற்றுண்டி அறை. பெரிய வீட்டின் அலமாரி அறை என்று சொல்லத்தக்க அளவுதான். அதன் கூரை, விரித்த குடையைப் போன்ற தாழ்வான குவிமாடம். நடுவில் எண்கோண வடிவில் ஒரு மேல்விளக்கம். இதுவரை எவரும் செய்யக்கூடியதே. ஆனால், அந்தக் குவிமாடம் நான்கு மூலைகளில் மட்டுமே தாங்கப்படுகிறது. வடக்கிலும் தெற்கிலும் அது சுவரைத் தொடுவதில்லை. அந்த இடைவெளிகளுக்கு மேலே, அறையில் அமர்ந்திருப்பவர் கண்ணில் படாதபடி கூரைச் சாளரங்கள் உள்ளன. அவற்றிலிருந்து ஒளி சுவர் வழியே வழிந்து இறங்குகிறது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது, கண்ணும் கூசாது. சுவர் ஒளிர்வதால், அறை அந்தச் சுவரையும் தாண்டி விரிவதாக ஒரு மயக்கம். போதாததற்கு, குவிமாடத்தின் மூலைகளிலும் அறையெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட குவியாடிகளைப் பதித்தார். ஒவ்வோர் ஆடியும் முழு அறையையும் சுருக்கித் தனக்குள் வாங்கி, ஒளியைத் திருப்பியனுப்புகிறது. சிற்றறையில் அமைதி என்பது பொருள்களைக் குறைப்பதால் மட்டும் வருவதில்லை, ஒளியின் ஊற்றை மறைப்பதாலும் வரும் என்பதை நான் கற்றது இந்த அறையின் குறுக்குவெட்டுப் படத்திலிருந்துதான்.

மற்ற அறைகளிலும் இதே சிந்தனைதான். நூலகத்தில் புத்தக அலமாரிகளுக்கு மேலே கண்ணாடிகளை வைத்தார். கூரை அடுத்த அறைக்கும் தொடர்வதுபோல் தெரியும். கூரைச் சாளரங்கள் பலவற்றில் மஞ்சள் கண்ணாடி பொருத்தி, லண்டனின் சாம்பல் வானத்தை இத்தாலிய வெயிலாக மாற்ற முயன்றார். பின்புறத்தில், மாணவர்கள் வரைபடம் வரையும் மாடத்தைச் சுவரோடு சேர்க்காமல் தூண்களின் மேல் நிறுத்தினார். சுவருக்கும் மாடத்துக்கும் இடையே உள்ள சந்தின் வழியாக மேல்வெளிச்சம் கீழ்த்தளம் வரை இறங்குகிறது. ஒவ்வோர் அங்குலத்தையும் அறையாக்கிவிடத் துடிக்கும் நம் காலத்தில், வெளிச்சத்துக்காகச் சில அடிகளை விட்டுக்கொடுக்கும் இந்தத் துணிவு அரிது. பிற்பாடு 14-ஆம் எண் வீட்டையும் வாங்கி, அதன் பின்புறம் ஓவிய அறை அமைத்தார். நான்கு மீட்டருக்கும் சற்றே கூடுதலான நீளமுடைய அவ்வறையில், கதவுபோல் திறக்கும் அடுக்குப் பலகைகளின் உதவியால் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் தொங்குகின்றன.

இத்தனையும் எவருக்காக? பிள்ளைகளுக்காக. நான்கு ஆண்மக்கள் பிறந்து, இருவர் குழந்தையிலேயே இறந்தனர். எஞ்சிய ஜான், ஜார்ஜ் இருவரும் தன்னைப்போல் கட்டடக் கலைஞர்களாகி ஒரு மரபைத் தொடர்வார்கள் என்று நம்பினார். ஈலிங்கில் பிட்ஷேங்கர் என்ற மாளிகையை 1800-இல் வாங்கி அவர் திருத்தி அமைத்ததிலும் அந்த நோக்கம் இருந்தது. மூத்தவருக்கு உடல்நலமும் இல்லை, நாட்டமும் இல்லை. இளையவர் எழுத்தாளராக விரும்பினார், கடனில் மூழ்கினார், பெற்றோர் விரும்பாத திருமணம் செய்துகொண்டார், கடனுக்காகச் சிறையும் புகுந்தார். பிள்ளைகளிடம் நம்பிக்கை இழந்த தந்தை, அந்தத் திருமணத்துக்கும் சிறைக்கும் முன்னரே, 1810-இல் ஈலிங் மாளிகையை விற்றுவிட்டிருந்தார்.

1815 செப்டம்பரில் 'சாம்பியன்' என்ற வார இதழில், பெயரிடாத கட்டுரைகள் இரண்டு வெளியாயின. சோனின் படைப்புகளை, அவருடைய வீட்டையும் சேர்த்து, அவை கடுமையாக இகழ்ந்தன. எழுதியவர் ஜார்ஜ் என்பதை அறிந்துகொண்டவர் தாய் எலிசபெத். ஏற்கெனவே நோயுற்றிருந்த அவர் அதே ஆண்டு நவம்பர் 22-ஆம் தேதி இறந்தார். மகனின் கட்டுரைகளே மனைவியைக் கொன்றன என்று நம்பிய சோன், அவற்றைச் சட்டமிட்டு, மரண அடிகள் என்று பொருள்படும் குறிப்புடன் வீட்டில் மாட்டிவைத்தார். சுவர்களில் ஒளி வழியும் வீட்டில் அதுவும் ஒரு காட்சிப்பொருளானது.

அதன்பின் அவர் 21 ஆண்டுகள் வாழ்ந்தார். மனைவியின் படுக்கையறையை ஏறத்தாழ 20 ஆண்டுகள் மாற்றாமல் வைத்திருந்தார். மனைவி வளர்த்த ஃபேனி என்ற நாய் 1820-இல் இறந்தபோது வீட்டு முற்றத்திலேயே புதைத்துக் கல்வெட்டு வைத்தார். மூத்த மகன் 1823-இல் மறைந்தார். எகிப்திய மன்னன் முதலாம் சேத்தியின் கற்பேழையைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வேண்டாமென்று விட, 2,000 பவுன் கொடுத்து வாங்கி நிலவறையில் வைத்தார். சிலைகளும் வார்ப்புகளும் தூண் முகடுகளும் வீட்டை நிறைத்தன. நேர்ந்த இழப்புகளை இடிபாடுகளால் நிரப்ப முயன்றாரோ என்னவோ. 1812-இல் எழுந்த வீடு குடும்பம் வாழ்வதற்கானது. 1830-களில் அது ஒருவர் மட்டும் உலவும் காட்சிக்கூடம். கட்டடக் கலையைப் பொருத்தவரை சோனிடம் எனக்குக் குறை இல்லை. ஆனால், மனையின் கட்டுப்பாட்டை ஏற்று அதற்கேற்ப வரைபடத்தை வளைத்தவர், பிள்ளைகளின் இயல்பை ஏற்று அவர்களுக்கான திட்டத்தை ஒருமுறையும் வளைக்கவில்லை. தாயின் மரணத்துக்கு மகனின் சிறுமை எவ்வளவு காரணமோ, அந்த மகன் அப்படிக் கசந்துபோனதற்குத் தந்தையின் பிடிவாதமும் ஓரளவு காரணம்.

1833-இல் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் ஒன்றை நிறைவேற்றச் செய்து, வீட்டையும் அதிலுள்ள அனைத்தையும் நாட்டுக்கு அளித்தார். தான் இறக்கும்போது இருந்தபடியே அதைப் பேண வேண்டும் என்பதும், மக்கள் கட்டணமின்றிக் காண வேண்டும் என்பதும் ஏற்பாடு. ஜார்ஜுக்கு அவ்வீட்டில் உரிமையில்லை என்பது அதன் மறுபக்கம். 1837 ஜனவரி 20-ஆம் தேதி அதே வீட்டில் சோன் காலமானார். உயிலை எதிர்த்து ஜார்ஜ் தொடுத்த வழக்கு வெற்றி பெறவில்லை.

ஒளியால் நிறைத்த அந்த வங்கிக் கூடங்கள் இன்று இல்லை. 1920-களிலும் 30-களிலும் வங்கியைப் புதுப்பித்தபோது அவை இடிக்கப்பட்டன. வடிவமைத்தவர், புது தில்லியின் தலைமைச் செயலகக் கட்டடங்களை வரைந்த ஹெர்பர்ட் பேக்கர். வீடு மட்டும் நிற்கிறது. லண்டனில் பழைய செயின்ட் பாங்க்ரஸ் தேவாலயத் தோட்டத்தில், மனைவிக்காக சோன் வடிவமைத்த கல்லறையும் நிற்கிறது. அதன் உச்சியிலும் அதே தாழ்வான குவிமாடம். பிரிட்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டின் தலைப்பகுதி அதைப் பார்த்தே வரையப்பட்டதாகச் சொல்வர். அதன்கீழ் எலிசபெத், மூத்த மகன் ஜான், சோன் ஆகிய மூவரும் உறங்குகின்றனர்.