அலெக்சாண்டர் டூமாவும் அவர்தம் பதிப்புகளும்

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தார் 1940 இல் வெளியிட்ட ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் புனைந்ததை நம் பகுதிப் பெரியோர் வியந்து கூறக் கேட்டிருக்கிறோம். அவ்விரும்பு முகமூடிக் கதைக்கு மூலம் தந்தவர் பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாண்டர் டூமா. ஆயினும் அப்பெயரில் அவர் நாவல் எதனையும் எழுதினாரல்லர்.

1802 இல் பிறந்த டூமாவின் தந்தை, ஆப்பிரிக்க அடிமைப் பெண்ணொருத்தியின் மகனாய்த் தோன்றிப் படைத்தலைவராய் உயர்ந்தவர். மூன்று வயதில் தந்தையை இழந்த சிறுவனுக்குக் கல்வி மிகுதியாக வாய்க்கவில்லை. அழகிய கையெழுத்து வாய்த்தது. அதுவே பாரிசில் எழுத்தர் பணியைப் பெற்றுத் தந்தது. பின்னர் நாடகங்களால் புகழ் எய்தினார்.

1836 இல் பாரிசில் சந்தாவைப் பாதியாகக் குறைத்த நாளிதழ்கள் தோன்றின. வாசகரைத் தக்கவைக்க அவை தொடர்கதைகளை நாடின. ஊதியமோ வரிக்கணக்கில்! டூமாவின் மாந்தர் ஓயாது சிறுசிறு வினாவிடைகளாய் உரையாடுவதன் காரணம் இதனால் ஓரளவு விளங்கும். ‘மூன்று மஸ்கட்டியர்கள்’ 1844 இல் தொடராக வந்தது. அவ்வாண்டே ‘மாண்டி கிறிஸ்டோ கோமகன்’ தொடங்கிற்று. பின்னது நூலானபோது பதினெட்டுத் தொகுதிகளாயிற்று. பெரிய எழுத்தும் அகன்ற ஓரமும் கொண்ட அத்தகைய தொகுதிகள் பெரும்பாலும் வாடகை நூல்நிலையங்களுக்கானவை. தொகுதி பெருகப் பெருக வாடகையும் பெருகும். பிரசல்சு அச்சகத்தாரோ அனுமதியின்றியே மலிவாக அச்சிட்டு விற்றனர். 1852 இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்த பின்னரே அது ஓய்ந்தது. பின்னர் மிசேல் லெவி பதிப்பகத்தின் ஒரு பிராங்கு நூல்கள் எளியோர் கைக்கும் எட்டின.

இத்தனை பதிப்புகளிலும் ஒரு பெயர் இல்லை. கதைத் திட்டமும் முதல் வரைவும் அமைத்துத் தந்த ஒகுஸ்த் மக்கே என்பாரின் பெயரே அது. டூமாவின் பெயர்தான் விலைபோகும் என்பது பத்திரிகையாளர் கணக்கு. மக்கே 1858 இல் வழக்காடிப் பணம் பெற்றார். ஆசிரியர் என்னும் உரிமை பெற்றாரில்லை. டூமாவிடம் பெரும்பற்றுடைய நாமும் இதனை நீதியெனக் கொள்வதற்கில்லை.

1847 முதல் 1850 வரை வெளிவந்த ‘பிரஜலோன்’ என்னும் மாபெருந் தொடரை ஆங்கிலப் பதிப்பாளர் பல நூல்களாகப் பிரித்து, இறுதிப் பகுதிக்கு ‘இரும்பு முகமூடி மனிதன்’ எனப் பெயரிட்டனர். அதுவே 1939 இல் ஹாலிவுட் படமாயிற்று. மறு ஆண்டு சேலத்திற்கும் வந்தது. மூலத்தில் முகமூடியணிந்த சகோதரன் தோற்று மீண்டும் சிறை புகுகிறான். அவனை வெல்லவைத்தது திரைப்படமே.

மாளிகை கட்டிக் கடனாளியான டூமா, 1851 இல் அடைக்கலம் புகுந்த ஊர், தம் நூல்களைத் திருட்டுத்தனமாய் அச்சிட்ட அதே பிரசல்சு! 1870 இல் மகன் இல்லத்தில் மறைந்தார். 2002 இல் அவர் உடல் பாரிசின் பாந்தியோனுக்கு மாற்றப்பட்டது. 1888 இல் மறைந்த மக்கேயின் கல்லறையில் அந்நாவல்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.