பொக்கிஷமும் பிரஜைகளும்

அமெரிக்காவின் பல ராஜ்யங்களில் பொக்கிஷ அதிகாரியைப் பிரஜைகளே நேராக ஓட்டளித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். நம் தேசத்தில் அவ்வழக்கமில்லை. நிதி மந்திரி பார்லிமெண்டுக்கே பொறுப்பாளி. அப்பொறுப்பின் கடுமையை ஸ்ரீ டி. டி. கிருஷ்ணமாச்சாரியின் சரித்திரம் காட்டும்.

1899-இல் பிறந்து, வியாபாரத்தில் பெயரெடுத்த அவர், அரசியல் நிர்ணய சபையின் நகல் கமிட்டியில் அங்கம் வகித்தார். 1955-இல் நம் ஆவடியில் கூடிய காங்கிரஸ், சோஷலிஸ மாதிரிச் சமுதாயத்தை லக்ஷ்யமாக ஏற்றது. மறு வருஷம் நிதி மந்திரியான அவர், 1957-இல் செல்வ வரியும் செலவு வரியும் கொணர்ந்தார். தனவந்தரின் அதிருப்திக்கு அஞ்சவில்லை.

அவ்வாண்டே சர்க்காரின் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன், முந்த்ரா என்னும் வியாபாரியின் கம்பெனிப் பங்குகளை 1 கோடியே 20 லக்ஷம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது. தம் கட்சி மந்திரியென்றும் பாராமல் பெரோஸ் காந்தி பார்லிமெண்டில் கேள்வி தொடுத்தார். நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்து, மந்திரியே பொறுப்பேற்க வேண்டுமென முடிவு கூறினார். 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி ராஜீநாமாச் செய்தார்.

1962-இல் திருச்செந்தூரில் போட்டியின்றித் தேர்வானார், 1963-இல் மீண்டும் நிதி மந்திரியானார், 1974-இல் காலமானார். அவ்விவகாரத்தில் ஓட்டுப்பெட்டி தீர்ப்புச் சொல்லவில்லை. சொன்னது பகிரங்க விசாரணையே. ஆகவே ஓட்டளித்ததோடு கடமை தீர்ந்ததென வாளாவிருத்தல் தகாது. பொக்கிஷத்தின் சாவி எவரிடமிருப்பினும், கணக்குக் கேட்கும் உரிமை நம்முடையது.