செத்து விழுந்த எலிகளில் விடை தேடிய மருத்துவர்: பிளேக் கிருமியைக் கண்டுபிடித்த அலெக்சாந்தர் யெர்சின் யார்?

1894ஆம் ஆண்டு கோடைக்காலம். ஹாங்காங்கில் தினமும் கொத்துக் கொத்தாக மக்கள் செத்துக் கொண்டிருந்தார்கள். கடும் காய்ச்சல், அக்குளிலும் தொடை இடுக்கிலும் முட்டை அளவுக்கு நெறி கட்டும், சில நாட்களில் மரணம். அந்த ஆண்டு மட்டும் அங்கே 2,500க்கும் அதிகமானோர் இறந்தனர். பிளேக் என்று பெயர் தெரியும். ஆனால் எது அதை உண்டாக்குகிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

அந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்தவர் 30 வயதான ஒரு மருத்துவர். அவருக்கு மருத்துவமனைக்குள் இடம்கூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை. ஒரு குடிசையில் உட்கார்ந்துதான் வேலையை முடித்தார். யார் அவர்?

பாரிஸில் தொடங்கிய பயணம்

அலெக்சாந்தர் யெர்சின் 1863 செப்டம்பர் 22ஆம் தேதி சுவிட்சர்லாந்தில் பிறந்தார். அவர் பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே தந்தை இறந்துவிட்டார். மருத்துவம் படிக்க பாரிஸ் வந்த யெர்சின், 1886ல் வெறிநாய்க்கடியால் இறந்த ஒருவரின் உடலைப் பரிசோதிக்கும்போது தன் கையை வெட்டிக்கொண்டார். அப்போது அந்த நோய்க்கு மருந்து இருந்த ஒரே இடம் லூயி பாஸ்டரின் ஆய்வகம். ஊசி போட்டுக்கொள்ளப் போனவர், அங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டார்.

அங்கே எமில் ரூ என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து 1888ல் ஒரு முக்கியமான விஷயத்தை நிரூபித்தார். தொண்டை அடைப்பான் நோயில் குழந்தைகளைக் கொல்வது கிருமி மட்டும் அல்ல, அது சுரக்கும் நஞ்சுதான் என்பது அந்தக் கண்டுபிடிப்பு. கிருமிகளை வடிகட்டி எடுத்துவிட்டு, மிச்சமிருந்த திரவத்தைக் கினிப் பன்றி போன்ற ஆய்வக விலங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது அவையும் நோய் வந்து செத்தன.

இந்த வெற்றிக்குப் பிறகு பாரிஸிலேயே இருந்திருந்தால் பெரிய பதவிகள் தேடி வந்திருக்கும். ஆனால் யெர்சினுக்கு நான்கு சுவருக்குள் இருப்பு கொள்ளவில்லை. 1890ல் கப்பல் மருத்துவராக வேலை வாங்கிக்கொண்டு இந்தோசீனாவுக்குக் கிளம்பிவிட்டார். இன்றைய வியட்நாமின் காடு, மலை எல்லாம் சுற்றினார். இப்போ சுற்றுலா நகரமாக இருக்கும் தா லாத் அமைந்துள்ள லாங் பியாங் பீடபூமிக்கு 1893ல் போய்ச் சேர்ந்து, அதைப் பதிவு செய்தவரும் அவர்தான்.

கதவு மூடப்பட்டது, குடிசை திறந்தது

பிளேக் தெற்கு சீனாவில் பரவி ஹாங்காங்கைத் தொட்டதும், பிரெஞ்சு அரசு யெர்சினை அங்கே அனுப்பியது. 1894 ஜூன் 15ஆம் தேதி அவர் போய் இறங்கினார். ஆனால் 3 நாட்களுக்கு முன்பே ஜப்பானில் இருந்து கிடாசாடோ ஷிபாசாபுரோவின் குழு வந்துவிட்டது. ராபர்ட் கோக்கிடம் பயின்ற கிடாசாடோ ஏற்கெனவே உலகப் புகழ் பெற்றவர். ஹாங்காங்கின் பிரிட்டிஷ் அதிகாரிகள் அவருக்கு ஆய்வகம், உதவியாளர்கள், இறந்தவர்களின் உடல்கள் என எல்லாமே கொடுத்தார்கள். யெர்சினுக்கு உடல்கள் கிடைக்கவில்லை.

அவர் அசரவில்லை. மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டார். உடல்களை அடக்கம் செய்யும் பொறுப்பில் இருந்த ஆங்கிலேய மாலுமிகளுக்கு, ஓர் இத்தாலியப் பாதிரியாரின் உதவியோடு கொஞ்சம் பணம் கொடுத்து, பிணவறைக்குள் நுழைந்தார். சவப்பெட்டிக்குள் சுண்ணாம்பு தூவிக் கிடந்த உடலில் சுண்ணாம்பை ஒதுக்கிவிட்டு, நெறி கட்டிய இடத்தை வெட்டி எடுத்துக்கொண்டு குடிசைக்கு ஓடினார்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஒரே மாதிரியான குட்டிக் குட்டிக் குச்சி வடிவக் கிருமிகள் மொய்த்துக் கிடந்தன. அந்தக் கிருமியை எலிகளுக்கும் கினிப் பன்றிகளுக்கும் செலுத்தினார். அவையும் அதே அறிகுறிகளோடு செத்தன. அவற்றின் உடலிலும் அதே கிருமி. வேலை முடிந்தது.

கிடாசாடோ எங்கே தவறவிட்டார்?

கிடாசாடோ பெரும்பாலும் ரத்தத்தில் கிருமியைத் தேடினார். யெர்சின் நேராக நெறியில் தேடினார். நோய் முதலில் கூடு கட்டுவது அங்கேதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கிருமி வளர்க்கும் இன்குபேட்டர் வசதி யெர்சினிடம் இல்லை. சாதாரண அறை வெப்பத்திலேயே வளர்த்தார். பிளேக் கிருமிக்கு உடல் சூட்டைவிட 28 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம்தான் ரொம்பப் பிடிக்கும். வசதி இல்லாததே அவருக்கு வசதியாகப் போய்விட்டது.

கிடாசாடோவும் ஒரு கிருமியைக் கண்டதாக முதலில் அறிவித்தார். ஆனால் அவர் தந்த விவரங்களில் குழப்பம் இருந்தது. வேறு கிருமி கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. யெர்சின் தந்த விவரம் துல்லியமாக இருந்தது. யாருக்குப் பெருமை என்ற விவாதம் பல பத்தாண்டுகள் நீடித்தது. கடைசியில் அந்தக் கிருமிக்கு யெர்சினியா பெஸ்டிஸ் என்ற பெயரே நிலைத்தது.

எலி சொன்ன செய்தி

யெர்சின் செய்த இன்னொரு காரியம் அதே அளவுக்கு முக்கியமானது. ஹாங்காங் தெருக்களில் எலிகள் செத்துக் கிடந்தன. மனிதர்களுக்கு நோய் வருவதற்கு முன்பே எலிகள் சாவதை மக்கள் பல இடங்களில் பார்த்திருந்தார்கள். யெர்சின் அந்த எலிகளை எடுத்து அறுத்துப் பார்த்தார். மனித உடலில் இருந்த அதே கிருமி அவற்றிலும் இருந்தது. பிளேக் முதலில் எலியின் நோய், எலிதான் அதைப் பரப்புகிறது என்ற முடிவுக்கு வந்தார்.

சரி, எலியிடம் இருந்து மனிதனுக்கு எப்படி வருகிறது? அது அவருக்குப் பிடிபடவில்லை.

பம்பாயில் தோல்வி, கராச்சியில் விடை

1896ல் பிளேக் பம்பாய்க்கு வந்தது. அடுத்த கால் நூற்றாண்டில் இந்தியாவில் ஒரு கோடிப் பேருக்கு மேல் பலி வாங்கியது. குதிரைகளின் ரத்தத்தில் இருந்து பிளேக்குக்கு சீரம் தயாரித்திருந்த யெர்சின், சீனாவில் அதனால் சிலரைப் பிழைக்க வைத்திருந்தார். அந்த நம்பிக்கையோடு 1897ல் பம்பாய் வந்தார். ஆனால் இங்கே சீரம் எதிர்பார்த்த பலன் தரவில்லை. அதே நகரத்தில் வால்டெமார் ஹாஃப்கின் அப்போதுதான் பிளேக் தடுப்பூசியை உருவாக்கித் தன் உடலிலேயே செலுத்திச் சோதித்திருந்தார்.

யெர்சின் வியட்நாம் திரும்பினார். அவருடைய இடத்துக்கு வந்தவர் பால் லூயி சிமோன். விடுபட்ட கண்ணியைக் கண்டுபிடித்தவர் இவர்தான். 1898 ஜூன் 2ஆம் தேதி, கராச்சியில் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவைக்குள் தெள்ளுப்பூச்சிகளோடு நோயுற்ற எலியை விட்டார். அது சாகும் தறுவாயில் இருந்தபோது, தொட முடியாதபடி கூண்டில் அடைத்த நல்ல எலியை உள்ளே வைத்தார். சில நாட்களில் அதுவும் பிளேக் வந்து செத்தது. தெள்ளுப்பூச்சிதான் கிருமியைக் கடத்துகிறது!

பலர் அவரை நம்பவில்லை. பிறகு பம்பாயில் பிளேக் ஆணையம் கினிப் பன்றிகளை வைத்துச் சோதித்தது. தெள்ளு தாவும் உயரத்தில் இருந்த கினிப் பன்றிகளுக்கு நோய் வந்தது, எட்டாத உயரத்தில் தொங்கவிட்டவை தப்பின. சந்தேகம் தீர்ந்தது.

வாலுக்குக் காசு கொடுத்த ஹனோய்

யெர்சின் 1902ல் ஹனோயில் மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அதே ஆண்டு அங்கே பிளேக் பயத்தில் எலி வேட்டை நடந்தது. ஒரு எலி வாலுக்கு இவ்வளவு காசு என்று பிரெஞ்சு நிர்வாகம் அறிவித்தது. ஒரே நாளில் 20,000க்கும் மேற்பட்ட எலிகள் கொல்லப்பட்டதாகக் கணக்கு வந்தது. ஆனால் எலி குறையவில்லை. ஏன் தெரியுமா? சிலர் வாலை மட்டும் வெட்டிக்கொண்டு எலியை விட்டுவிட்டார்கள். சிலர் காசுக்காக எலி வளர்க்கவே ஆரம்பித்தார்கள்.

பிளேக் பரவும்போது எலியை மட்டும் கொல்வது ஆபத்தும்கூட. எலி செத்ததும் அதன் உடம்பில் இருக்கும் தெள்ளுகள் அடுத்த ரத்தத்தைத் தேடும். பக்கத்தில் மனிதன் இருந்தால் அவனைக் கடிக்கும். அதனால்தான் முதலில் தெள்ளுப்பூச்சிக்கு மருந்து, பிறகு எலிக்கு என்பது இன்றைய நடைமுறை. குப்பையும் சிந்திய தானியமும் இருக்கும் வரை எலி திரும்ப வந்துகொண்டேதான் இருக்கும்.

நியா திராங்கின் 'ஐந்தாம் ஐயா'

யெர்சின் கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை. நியா திராங் என்ற கடலோர ஊரில் மீனவர்கள் மத்தியில் வாழ்ந்தார். ஆய்வகம் நடத்தினார், ரப்பர் பயிரிட்டார், மலேரியாவுக்கு மருந்தாகும் சின்கோனா மரங்களை வளர்த்தார். புயல் வருவது தெரிந்தால் மீனவர்களை எச்சரிப்பார். அவருடைய சீருடையில் இருந்த ஐந்து பட்டைகளை வைத்து ஊர் மக்கள் அவரை 'ஐந்தாம் ஐயா' என்றே அழைத்தார்கள்.

1943 மார்ச் 1ஆம் தேதி, 79 வயதில் அங்கேயே இறந்தார். பிரெஞ்சு ஆட்சி போன பிறகு வியட்நாமில் பல தெருக்களின் பிரெஞ்சுப் பெயர்கள் நீக்கப்பட்டன. யெர்சின் பெயர் மட்டும் பல ஊர்களில் இன்றும் அப்படியே இருக்கிறது.

இப்போ பிளேக் இருக்கா?

இருக்கிறது. யெர்சினின் கண்டுபிடிப்புக்குச் சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 1994ல் சூரத்தில் பிளேக் பீதி ஏற்பட்டு லட்சக்கணக்கானோர் நகரை விட்டு ஓடினார்கள். மடகாஸ்கர் போன்ற நாடுகளில் இன்றும் பாதிப்பு பதிவாகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் நெறி கட்டும் வகை பிளேக் 30 முதல் 60 சதவீதம் பேரைக் கொல்லும். ஆனால் சீக்கிரமே கண்டறிந்தால் ஆன்டிபயாட்டிக் மருந்துகளால் குணமாக்கலாம்.

ஒரே இடத்தில் பல எலிகள் காரணமில்லாமல் செத்துக் கிடந்தால் வெறும் கையால் தொடாதீர்கள். உள்ளாட்சி அல்லது சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.