பலகை அறுக்க மெஷினைப் பழக்கியவர்: மார்க் புருனெல் யார், சிஎன்சிக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

மாடுலர் கிச்சனுக்கு ஆர்டர் கொடுத்தால், ஒருவர் வந்து டேப் வைத்து அளந்துவிட்டுப் போவார். சில வாரங்கள் கழித்து, வெட்டி, துளை போட்டு, ஓரம் ஒட்டிய பலகைகள் வந்து இறங்கும். ஸ்க்ரூவை முடுக்கினால் அலமாரி ரெடி. வீட்டில் உளிச் சத்தமும் இல்லை, மரத்தூளும் இல்லை.

இடையில் என்ன நடக்கிறது? 8-க்கு 4 அடி பலகை ஒன்று சிஎன்சி மெஷினின் மேசையில் ஏறுகிறது. அடியிலிருந்து காற்றை உறிஞ்சி, பலகையை அசையாமல் பிடித்துக்கொள்கிறது மேசை. ஒரு மூலையை ‘பூஜ்ஜியம்’ என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். அங்கிருந்து அளந்து அளந்து, நிமிடத்துக்கு 18,000 சுற்று வேகத்தில் சுழலும் கட்டர் வெட்டிக்கொண்டே போகும். பெரிய ஃபர்னிச்சர் தொழிற்சாலைகளில் கட்டரைக்கூட மெஷினே மாற்றிக்கொள்ளும்.

இதில் கம்ப்யூட்டர் வந்தது 20-ம் நூற்றாண்டில்தான். ஆனால் பொருளை ஒருமுறை சரியாகப் பிடி, எல்லா அளவையும் அந்தப் பிடியிலிருந்தே எடு, ஒரு வேலையைப் பல சின்ன வேலைகளாக உடை என்ற யோசனை 200 வருடங்களுக்கு முன்பே மரத்தில் செய்து காட்டப்பட்டுவிட்டது. செய்து காட்டியவர் மார்க் இசம்பார்ட் புருனெல். நாட்டுக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு மிச்சப்படுத்திக் கொடுத்த அவர், கடைசியில் கடனுக்காகச் சிறைக்குப் போனார்.

பாதிரியார் ஆகியிருக்க வேண்டியவர்

1769 ஏப்ரல் 25-ல் பிரான்ஸின் நார்மண்டி பகுதியில், ஆக்வில் என்ற கிராமத்தில் பிறந்தார் புருனெல். வசதியான விவசாயக் குடும்பம். மூத்த மகனுக்கு நிலம், இரண்டாவது மகனுக்குத் தேவாலயம் என்பது அந்தக் கால வழக்கம். இவர் இரண்டாவது மகன். ரூவான் நகரில் குருமடத்தில் சேர்த்தார்கள்.

பையனுக்கோ மனசு முழுக்கத் தச்சு வேலையிலும் வரைபடத்திலும்தான். இவர் பாதிரியார் வேலைக்கு ஒத்துவர மாட்டார் என்பது பெரியவர்களுக்கே புரிந்துவிட்டது. 1786-ல் கடற்படையில் சேர்ந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனார். கப்பலில் கோணம் அளக்கும் கருவியைத் தன் கையாலேயே செய்து வைத்துக்கொண்டார்.

அவர் திரும்பி வந்தபோது பிரான்ஸ் தலைகீழாக மாறியிருந்தது. பிரெஞ்சுப் புரட்சி. புருனெல் மன்னர் பக்கம். அதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கமும் இருந்ததால் உயிருக்கே ஆபத்து வந்தது. 1793-ல் கப்பலேறி நியூயார்க் தப்பிப் போனார்.

ரூவானில் அவர் விட்டுவிட்டுப் போனது ஊரை மட்டும் இல்லை. சோஃபியா கிங்டம் என்ற ஆங்கிலேயப் பெண்ணை அங்கே காதலித்திருந்தார். உடல்நலம் சரியில்லாததால் சோஃபியாவால் பிரான்ஸைவிட்டுக் கிளம்ப முடியவில்லை. ஆங்கிலேயர் என்பதற்காக அவரைக் கைது செய்து காவலில் வைத்தார்கள். 1794-ல் ரோபஸ்பியரின் ஆட்சி கவிழ்ந்த பிறகுதான் விடுதலை.

புருனெல் இதற்குள் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, நியூயார்க் நகரின் தலைமைப் பொறியாளர் பதவிவரை வந்துவிட்டார். அங்கேயே செட்டில் ஆகியிருக்கலாம். ஆனால் 1799-ல் வேலையை விட்டுவிட்டு இங்கிலாந்து போனார். அதே ஆண்டு நவம்பரில் இருவருக்கும் திருமணம். ஆறு வருடக் காத்திருப்பு.

கப்பின்னா சும்மா இல்லை

இங்கிலாந்து போகும்போது அவர் மனசில் இருந்தது ஒரு கப்பி. கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போடுவோமே, அந்தக் கப்பிதான். பாய்மரக் கப்பலில் பாயை ஏற்ற, இறக்க, பீரங்கியை இழுக்க என்று எல்லாவற்றுக்கும் கப்பி வேண்டும். ஒரு பெரிய போர்க்கப்பலுக்குச் சுமார் 1,000 கப்பி. பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆண்டுக்கு 1,00,000-க்கும் மேல் தேவைப்பட்டது. நெப்போலியனோடு போர் வேறு.

வெளிக்கூடு எல்ம் மரத்தில். உள்ளே சுழலும் சக்கரம் லிக்னம் விட்டே என்ற, தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமான மரத்தில். சக்கரத்தின் நடுவில் உலோகப் புஷ். இதில் ஒரு சுற்றளவு பிசகினாலும் கயிறு சிக்கிக்கொள்ளும். நடுக்கடலில், சண்டை நேரத்தில் கயிறு சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்போது கடற்படைக்குக் கப்பி கொடுத்துவந்தது சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த டெய்லர் குடும்ப நிறுவனம். அவர்கள் பழைய ஆட்களும் இல்லை. சில வேலைகளுக்கு மெஷின் வைத்திருந்தார்கள். ஆனாலும் பல கட்டங்கள் கைத்திறனை நம்பித்தான் நடந்தன. புருனெலின் யோசனை முதலில் போனது அவர்களிடம்தான். இப்போது இருப்பதைவிடச் சிறப்பாகச் செய்ய முடியாது என்று மறுத்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் கடற்படையின் வேலையே அவர்கள் கையைவிட்டுப் போனது.

1801-ல் புருனெல் காப்புரிமை பெற்றார். வரைபடத்தை இரும்பாக்க ஆள் வேண்டுமே? லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்ற இளம் மெக்கானிக் இருந்தார். எதற்கான படம் என்று சொல்லாமலே புருனெல் வரைபடத்தைக் காட்டினாராம். சில சந்திப்புகளிலேயே இது கப்பி செய்கிற மெஷின் என்று மாட்ஸ்லே கண்டுபிடித்துவிட்டாராம். அப்படி ஒரு கதை உண்டு.

கடற்படையில் இந்த வேலைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் சாமுவேல் பெந்தம். அவரும் மர மெஷின்களில் காப்புரிமை வைத்திருந்தவர்தான். போட்டியாளர் என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் மாதிரிகளைப் பார்த்ததும் புருனெலின் திட்டத்தையே போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்துக்குப் பரிந்துரைத்தார்.

ஒரு கட்டை கப்பி ஆவது எப்படி?

முதலில் ரம்பங்கள் மரத்தைக் கட்டைகளாக அறுக்கும். அடுத்தது துளைக்கும் மெஷின். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

கட்டையை இந்த மெஷினில் இறுக்கும்போது, பிடியின் முனைகள் மரத்தில் சின்னப் பள்ளங்களைப் பதிக்கும். அடுத்தடுத்த மெஷின்கள் கட்டையைப் பிடிப்பது அதே பள்ளங்களில். அதாவது அளப்பது ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு எந்த மெஷினுக்குப் போனாலும் கட்டை சரியான இடத்தில் தானாக உட்காரும். சிஎன்சி மெஷினில் ‘பூஜ்ஜியம்’ வைப்பதும் இதே வேலைக்குத்தான்.

மூன்றாவதாக உளி மெஷின். உளி மேலும் கீழும் அடிக்க அடிக்க, கட்டை கொஞ்சம் கொஞ்சமாக நகரும். சக்கரம் உட்காரும் நீளத் துளை தேவையான அளவுக்கு வந்ததும் மெஷின் தானே நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவர் கண்ணால் பார்த்து நிறுத்த வேண்டியதில்லை.

பிறகு மூலைகள் அறுபடும். அடுத்து, பெரிய சக்கரத்தின் விளிம்பில் 10 கட்டைகள் ஒன்றாகப் பூட்டப்படும். சக்கரம் சுழல, ஒரு அச்சைத் தொட்டபடி நகரும் கட்டர் பத்துக்கும் ஒரே வளைவைச் சீவும். ஒரு பக்கம் முடிந்ததும் பத்துக் கட்டைகளும் கால் சுற்று திரும்பும். கடைசியாகக் கயிறு உட்காரப் பள்ளம். உள்சக்கரத்துக்குத் தனி வரிசை மெஷின்கள்.

மெஷின்கள் பெரும்பாலும் முழு உலோகத்தில் செய்யப்பட்டவை. நீராவி இன்ஜினில் ஓடியவை. மொத்தம் 45. சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவுக் கப்பிகளுக்கு மூன்று தொகுதி. 1805 செப்டம்பரில், டிரஃபால்கர் போருக்குப் புறப்படும் நாளில் நெல்சன்கூட இந்தத் தொழிற்சாலையைப் பார்த்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார் என்று சொல்வார்கள்.

110 பேர் இடத்தில் 10 பேர்

1808-ல் இங்கே உற்பத்தியான கப்பிகள் 1,30,000. முன்பு 110 பேர் செய்த வேலையை 10 பேர் செய்தார்கள். அந்தப் பத்துப் பேரும் தச்சர்களாக இருக்க வேண்டியதில்லை. கட்டையை வைக்க, எடுக்கத் தெரிந்தால் போதும்.

கடற்படைக்கு இது லாபம். ஆனா, பல வருடம் உழைத்துக் கண்ணளவும் கையளவும் கற்றவர்களுக்கு? அவர்களுடைய கைத்திறன் அந்த இறுக்குப் பிடிகளுக்குள்ளும் அச்சுகளுக்குள்ளும் போய்விட்டது. மெஷின் வேலையைப் பறிக்குமா என்ற இன்றைய கேள்வியைப் போர்ட்ஸ்மவுத் அப்போதே பார்த்துவிட்டது.

சரி, புருனெலுக்கு என்ன கிடைத்தது? அவர் கேட்டது, கடற்படைக்கு ஓராண்டில் மிச்சமாகும் தொகை. அதை எப்படிக் கணக்கிடுவது என்பதிலேயே ஆண்டுகள் ஓடின. இதற்குள் சொந்தக் காசையும் போட்டிருந்தார். கடைசியில் 1810-ல், 17,000 பவுண்டுக்குச் சற்று அதிகமாகக் கொடுத்தார்கள்.

18 அடி ரம்பமும் விற்காத பூட்ஸும்

லண்டனின் பேட்டர்சியில் புருனெல் மர அறுவை ஆலை போட்டார். அங்கே சுமார் 18 அடி விட்டமுள்ள வட்ட ரம்பங்கள் இருந்தன. மஹோகனி, ரோஸ்வுட் மரங்களை ஒரு இன்ச்சில் 16-ல் ஒரு பங்கு கனத்தில் மெல்லிய தகடாகச் சீவின. இன்று பிளைவுட் மேல் ஒட்டுகிறோமே வெனீர், அதேதான். விலை உயர்ந்த ஒரு மரத்திலிருந்து பல மேசைகளின் மேற்பரப்பு கிடைத்தது.

1809-ல் ஸ்பெயின் போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களின் கிழிந்த காலணிகளைப் பார்த்த புருனெல், பூட்ஸ் தயாரிக்கவும் மெஷின்கள் செய்தார். அங்கே வேலை பார்த்தவர்கள் போரில் உடல் ஊனமுற்ற வீரர்கள். ராணுவம் வாங்கிக்கொண்டது. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

1814-ல் அறுவை ஆலை தீப்பிடித்தது. 1815-ல் வாட்டர்லூ, போர் முடிந்தது. நாட்டுக்கு நல்ல செய்தி. ஆனால் ராணுவம் பூட்ஸ் வாங்குவதை நிறுத்திவிட்டது. மெஷின் வேகத்தில் தயாராகியிருந்த ஜோடிகள் குவிந்து கிடந்தன. ஆலையின் வரவு செலவைக் கவனிப்பதிலும் அவர் கெட்டிக்காரர் இல்லை. பெரிய மெஷினின் வேகத்துக்கு ஈடாக ஆர்டர் வராவிட்டால், அந்த வேகமே முதலாளியை முழுகடித்துவிடும். இன்று லோன் போட்டு பெரிய மெஷினிங் சென்டர் வாங்கும் எவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

1821-ல் அவர் பணம் போட்டிருந்த வங்கியும் விழுந்தது. கடனுக்காக லண்டனின் கிங்ஸ் பெஞ்ச் சிறையில் அடைத்தார்கள். சோஃபியாவும் கூடவே போய்த் தங்கினார். வெறுத்துப்போன புருனெல், ரஷ்யாவுக்கே வேலைக்குப் போய்விடலாமா என்று ஜார் மன்னருக்குக் கடிதம் எழுதினார். இப்படி ஒரு பொறியாளரை இழக்கலாமா என்று பிரிட்டனில் பதற்றம். வெலிங்டன் பிரபு முதலானோர் முயற்சியில் அரசு 5,000 பவுண்டு கொடுத்துக் கடனை அடைத்தது. மூன்று மாதம் போல ஆகியிருந்தது.

புழு சொல்லிக்கொடுத்த பாடம்

அதன் பிறகு அவர் செய்ததுதான் உலகப் புகழ் தந்தது. கப்பல் மரத்தைத் துளைக்கும் புழு, தலையிலுள்ள ஓட்டால் அரித்தபடி முன்னேறும். பின்னால் துளையின் சுவரைச் சுண்ணாம்பால் பூசிக்கொண்டே போகும். அதைப் பார்த்து, 36 பேர் தனித்தனி அறைகளில் நின்று தோண்டும் இரும்புக் கவசத்தை வடிவமைத்தார். 1825-ல் தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்.

இருமுறை வெள்ளம் புகுந்தது. 1828 ஜனவரியில் ஆறு பேர் இறந்தார்கள். அங்கே பொறியாளராக இருந்த மகன் இசம்பார்ட் மயிரிழையில் பிழைத்தார். பின்னாளில் தந்தையையும் மிஞ்சிப் புகழ்பெற்ற அதே இசம்பார்ட் கிங்டம் புருனெல்தான். பணமில்லாமல் ஏழு வருடம் வேலை நின்றது. கடைசியில் 1843 மார்ச் 25-ல் சுரங்கம் திறந்தது. கப்பல் ஓடும் ஆற்றுக்கு அடியில் போடப்பட்ட உலகின் முதல் சுரங்கம் அது. அதில் இன்றும் ரயில் ஓடுகிறது.

1841-ல் சர் பட்டம் பெற்ற புருனெல், 1849 டிசம்பர் 12-ல் லண்டனில் காலமானார்.

அப்படின்னா, சிஎன்சியைக் கண்டுபிடித்தது இவரா?

இல்லை. எண்களை வைத்து மெஷினை நகர்த்தும் முறை அமெரிக்காவில் வந்தது. ஹெலிகாப்டர் இறக்கை செய்துவந்த ஜான் பார்சன்ஸ் என்பவரின் யோசனையிலிருந்து கிளம்பி, 1952-ல் எம்ஐடியில் முதல் மெஷின் இயங்கிக் காட்டியது. அங்கே வெட்டப்பட்டது உலோகம். மரமும் பலகையும் அதற்குப் பிறகுதான் அந்த வழிக்கு வந்தன.

புருனெலின் மெஷின்களுக்கு ஒரு வேலைதான் தெரியும். கப்பியின் வடிவம் மாறினால் இரும்பு அச்சையே மாற்ற வேண்டும். சிஎன்சியில் ஃபைலை மாற்றினால் போதும். காலையில் கிச்சன் கதவு, மதியம் ஆபீஸ் மேசை. வித்தியாசம் அதுதான். ஆனால் ஒருமுறை பிடித்து, ஒரே புள்ளியிலிருந்து அளந்து, ஆளின் கையை நம்பாமல் ஒரே மாதிரி ஆயிரம் செய்வது என்ற அடிப்படை போர்ட்ஸ்மவுத்தில் இருந்தது.

அவருடைய மெஷின்களில் சில 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வேலை செய்தன. சில இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போர்ட்ஸ்மவுத்தில் அந்தச் செங்கல் கட்டடம் இன்னும் நிற்கிறது.