நாடற்றோர்க்கு நாடளித்த நான்சன்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

போர் எப்பொழுது முடிகிறது? தேர்வில் இவ்வினா வந்தால் ஒரு தேதியை எழுதி மதிப்பெண் பெற்றுவிடலாம். முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11-ஆம் நாள் முடிந்தது என்பது புத்தகம் கூறும் விடை. ஆனால் அன்று சைபீரியக் கைதி முகாமில் குளிரில் நடுங்கிக் கொண்டிருந்த படைவீரனுக்குப் போர் முடிந்துவிட்டதா? ஊரும் உறவும் இழந்து அயல்நாட்டுத் தெருவில் நின்ற அகதிக்கு முடிந்துவிட்டதா? அவர்களுக்கும் போர் முடிய வேண்டும் என்று தம் இறுதிப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதியைச் செலவிட்ட பெருமகனார் ஒருவர் உண்டு. அவரே நார்வே நாட்டின் பிரிட்ஜாப் நான்சன்.

ஆய்வுக்கூடமும் பனிவெளியும்

நான்சன் 1861 அக்டோபர் 10-ஆம் நாள், இன்று ஓஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியா நகரின் அருகே ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். பல்கலைக் கழகத்தில் அவர் விரும்பி ஏற்ற பாடம் விலங்கியல். பெர்கன் நகர அருங்காட்சியகத்தில் பணிபுரிந்துகொண்டே கடல்வாழ் சிற்றுயிர்களின் நரம்பு மண்டலத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிய வலையன்று, தனித்தனி அணுக்களே என்ற கொள்கைக்கு அரண் செய்த தொடக்க கால ஆய்வுகளுள் அவருடையதும் ஒன்று. 1888-இல் அதற்காக முனைவர் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டில் ஐந்து துணைவர்களுடன் பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டிக் கிரீன்லாந்தைக் குறுக்காகக் கடந்தார். மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து புறப்படுவதே பிறர் வழக்கம். நான்சனோ ஆளரவமற்ற கிழக்குக் கரையில் இறங்கி மேற்கு நோக்கி நடந்தார். திரும்பிச் சென்றால் புகலிடம் இல்லை. முன்னே சென்றால்தான் உயிர்!

பின்னர் 1893-இல் 'பிராம்' என்ற கப்பலில் வடதுருவக் கடலுக்குச் சென்றார். பனிப்பாறைகள் நெருக்கும்போது நசுங்காமல் மேலெழும்பி நிற்குமாறு அக்கப்பலின் அடிப்பாகம் உருண்டையாக அமைக்கப்பட்டிருந்தது. 1895-இல் யால்மர் ஜோகன்சன் என்ற ஒரே துணைவருடன் கப்பலை விட்டு இறங்கி, அதுவரை மனிதர் எவரும் எட்டாத 86 டிகிரி வட அட்சத்தைத் தாண்டினார். துருவத்தை அடைய இயலாது என்று தெரிந்ததும் வீம்பு பாராட்டாமல் திரும்பினார். கல்லாலும் தோலாலும் கட்டிய குடிசையில் கரடி இறைச்சியை உண்டு இருவரும் ஒரு குளிர்காலத்தைக் கழித்தனர். 1896-இல் அப்பயணக் குழுவின் 13 பேரும் உயிருடன் தாயகம் திரும்பினர்.

வாளின்றி வந்த விடுதலை

நார்வே 1814 முதல் சுவீடன் மன்னரின் ஆட்சியில் இணைக்கப்பட்டிருந்தது. 1905 ஜூன் 7-ஆம் நாள் நார்வேப் பாராளுமன்றம் அவ்விணைப்பு முறிந்துவிட்டதாக அறிவித்தது. எல்லையில் இரு தரப்புப் படைகளும் அணிவகுத்தன. உலகப் புகழ் பெற்றிருந்த நான்சன், தம் நாட்டின் நியாயத்தை ஐரோப்பிய மக்களுக்கு விளக்கிக் கட்டுரைகள் எழுதினார். ஆகஸ்டில் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் பிரிவினைக்கு ஆதரவாக 3,68,208 வாக்குகளும் எதிராக வெறும் 184 வாக்குகளும் விழுந்தன.

இத்தகைய பெரும்பான்மை கையில் இருக்கும்போது போர் முழக்கம் செய்வது எளிது. ஆயினும் நார்வே கார்ல்ஸ்டாட் நகரில் பேச்சுவார்த்தைக்கு அமர்ந்தது. எல்லைக் கோட்டைகளை இடித்துவிட ஒப்புக்கொண்டது, விடுதலையைப் பெற்றது. சில கோட்டைகளை இழந்ததால் எத்தனை இளைஞர்களின் உயிர் காக்கப்பட்டது! அதன்பின் நான்சன் இலண்டனில் சுதந்திர நார்வேயின் முதல் தூதராக 1906 முதல் 1908 வரை பணியாற்றினார்.

வீடு திரும்பிய கைதிகள்

1920-இல் சர்வதேச சங்கம் போர்க்கைதிகளைத் தாயகம் சேர்க்கும் பொறுப்பை நான்சனிடம் ஒப்படைத்தது. போர் ஓய்ந்து ஆண்டு ஒன்றரை ஆகியும் ரஷ்யாவில் ஜெர்மானிய, ஆஸ்திரிய, ஹங்கேரியக் கைதிகளும், ஜெர்மனியில் ரஷ்யக் கைதிகளும் இலட்சக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தனர். சங்கத்திடம் போதிய பணம் இல்லை. சோவியத் அரசோ அச்சங்கத்தையே ஏற்கவில்லை. ஆனால் நான்சன் என்ற தனிமனிதரின் சொல்லை நம்பியது. அவர் அரசுகளிடம் கடன் பெற்றார். கப்பல்களைத் தேடிப் பிடித்தார். பால்டிக் கடல் வழியாகக் கைதிகளை ஊருக்கு அனுப்பினார். 1922-க்குள் 4,27,000-க்கும் மேற்பட்டோர் வீடு சேர்ந்தனர். இறந்துவிட்டான் என்று எண்ணிய மகன் வாசலில் வந்து நின்றபோது அத்தாய்மார்கள் கண்ட அமைதிதான் உண்மையான அமைதி.

பசிக்குக் கட்சி உண்டா?

1921-இல் ரஷ்யாவின் வோல்கா ஆற்றுப் பகுதியில் கொடும்பஞ்சம் தோன்றியது. நான்சன் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் நின்று, உணவு வாங்கக் கடன் தருமாறு அரசுகளை வேண்டினார். பஞ்சத்தைத் தீர்த்தால் பொதுவுடைமை ஆட்சி வலுப்பெற்றுவிடும் என்று அஞ்சிய அரசுகள் கைவிரித்தன. ஆட்சியைப் பிடிக்கவில்லை என்பதற்காக அந்நாட்டுக் குழந்தைகளைப் பட்டினி போடலாமா என்பதே நான்சனின் வாதம். அவர் தாமே பஞ்சப் பகுதிகளுக்குச் சென்று படங்கள் எடுத்தார். நகர் நகராகச் சென்று அவற்றைக் காட்டிப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். அமெரிக்க நிவாரண அமைப்பு அவரினும் பன்மடங்கு பெரிய அளவில் உணவளித்தது. அவ்வளவு செய்தும் ஏறத்தாழ 50 இலட்சம் பேர் மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. தாமதமாக வந்த இரக்கத்திற்கு உலகம் கொடுத்த விலை அது.

ஒரு தாளின் வலிமை

உள்நாட்டுப் போரால் ரஷ்யாவை விட்டு வெளியேறியோர் சுமார் 15 இலட்சம் பேர். அவர்களுடைய குடியுரிமையைச் சோவியத் அரசு 1921-இல் பறித்தது. குடியுரிமை இல்லாதவன் எல்லை கடக்க இயலாது. வேலை தேடவும் இயலாது. சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் தாலுகா அலுவலக வாசலில் காத்து நின்ற நம்மில் பலருக்கு ஒரு தாளின் அருமை நன்கு தெரியும்!

1922-இல் நான்சனின் முயற்சியால் நாடற்றோர்க்கென ஓர் அடையாளச் சான்று பிறந்தது. மக்கள் அதனை 'நான்சன் கடவுச்சீட்டு' என்றே அழைத்தனர். காலப்போக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் அதனை ஏற்றன. பின்னர் ஆர்மீனிய அகதிகளுக்கும் அது வழங்கப்பட்டது. எழுத்தாளர் நபக்கோவும் இசைமேதை ஸ்டிராவின்ஸ்கியும் அச்சீட்டை வைத்திருந்தவர்களே. அவ்வாண்டு நான்சனுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசுப் பணத்தை அவர் நிவாரணப் பணிகளுக்கே அளித்துவிட்டார்.

நிறையோடு குறையும்

பெரியோரைப் போற்றும்போது அவர்தம் பணியின் மறுபக்கத்தையும் காண்பது அறிவியல் மாணவர்க்கு அழகு. நோபல் பரிசு பெற்ற அதே காலத்தில் கிரீசுக்கும் துருக்கிக்கும் இடையே மக்களைப் பரிமாறும் திட்டத்தை நான்சன் முன்வைத்தார். 1923 ஜனவரியில் லாசேன் நகரில் அது உடன்படிக்கையாயிற்று. ஏறத்தாழ 12 இலட்சம் கிறித்தவர்களும் 4 இலட்சம் முஸ்லிம்களும் இதனால் தம் பிறந்த மண்ணை நிரந்தரமாக இழந்தனர். பெரும்பாலான கிறித்தவர்கள் முன்பே உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள் என்பது உண்மை. எனினும் சொந்த ஊருக்குத் திரும்பும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டது. எஞ்சியிருந்தோரின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. மேலும் கொலையைத் தடுக்க வேறு வழி இல்லை என்று கருதியே நான்சன் அதனைச் செய்தார். ஆனால் மக்களின் விருப்பத்தைக் கேளாமல் செய்யும் அமைதியில் ஓர் அநீதியும் கலந்தே நிற்கும் என்பதை அவர் வாழ்விலிருந்தே நாம் கற்கிறோம். ஆர்மீனியர்களைக் குடியமர்த்த அவர் வகுத்த திட்டத்திற்கு அரசுகள் பணம் தரவில்லை. அந்த ஏக்கத்துடனேயே 1930 மே 13-ஆம் நாள் மறைந்தார்.

நாம் பெறும் பாடம்

போரைத் தொடங்க ஓர் ஆணை போதும். அமைதிக்கோ கப்பல் வேண்டும், கோதுமை வேண்டும், பெயர்ப்பட்டியல் வேண்டும், முத்திரையிட்ட ஒரு தாள் வேண்டும். இவற்றைச் சலிப்பின்றித் தேடித் திரட்டும் மனிதர் வேண்டும். நுண்ணோக்கியின் முன் அமர்ந்து ஒவ்வொரு நரம்பணுவையும் தனித்தனியே கண்ட அந்த விலங்கியல் மாணவர், பின்னாளில் அகதிக் கூட்டத்திலும் ஒவ்வொரு மனிதரையும் தனித்தனியே கண்டார். மாணவ நண்பர்களே! கூட்டத்தைக் கூட்டமாகவே பார்க்கும் இவ்வுலகில், அதனுள் நிற்கும் ஒரு முகத்தைக் காணும் கண் நமக்கும் வாய்க்கட்டும்.