பண்டாரவன்னியனார்

வன்னிநாட்டின் இறுதி மன்னராகிய பண்டாரவன்னியனாரது செய்கை நமக்கு இன்றும் முற்றாக விளங்குவதன்று. 1803 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஆங்கிலேயர் கண்டியிற் பெருந்தோல்வியுற்றனர். அச்சமயம் நோக்கி அவர் கண்டியாரோடு கூடி, ஓகஸ்ட் 25 இல் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினர். காவற்படை தோணியேறி யாழ்ப்பாணஞ் சென்றது. இம்மட்டும் மதிநுட்பமே. கடலாளுவோர் பெரும்படையோடு மீளுவரென்பதை அவர் அறியாரா? அறிந்தும், காட்டினுட் கரந்து திரியாது, ஒட்டுசுட்டானுக்கு அணித்தாகிய கற்சிலைமடுவிலே பாளையமிட்டிருந்தனர். இத்துணிவை மாணாக்கருக்குப் புகழ்ந்துரைக்கும் ஆசிரியர் இவ்வசட்டையையும் உடன்கூறுதல் வேண்டும். ஒக்டோபர் 31 இல் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை எதிர்பாராவகையிற் பாய்ந்து அவர் சேனையைச் சிதறடித்தது. அன்றே அவர் மாண்டனரெனக் கற்பிப்பாருமுளர். அவரோ பிடிபடாது தப்பினர். பிற்காலத்து ஆங்கிலேயர் அங்கே நாட்டிய கல்லில் வென்றவர் பெயரோடு அவர் பெயரும் பொறிக்கப்பட்டது.