மன்றம் கண்ட இளைஞர் டெரோசியோ

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கல்லூரி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன வகுப்பறை, நூலகம், ஆய்வுக்கூடம், தேர்வு ஆகியவையே. இவற்றோடு ஒருங்கே வைத்து எண்ணத்தக்க இன்னொன்றும் உண்டு. அதுதான் மாணவர் மன்றம். பாடநூல் பிறர் எண்ணியதை நமக்குத் தருகிறது. மன்றமோ நம்மை எண்ண வைக்கிறது. இந்திய நாட்டில் கல்லூரி மாணவர்களுக்கென விவாத மன்றம் கண்டு, அதன் பொருட்டே தம் ஆசிரியப் பணியையும் இழந்த ஓர் இளைஞர் உண்டு. அவர் மறைந்தபோது அவருக்கு வயது 22 தான். அவரே கல்கத்தா இந்துக் கல்லூரியின் ஆங்கில ஆசிரியர் ஹென்றி லூயி விவியன் டெரோசியோ.

இளமைப் பருவம்

டெரோசியோ 1809 ஆம் ஆண்டு ஏப்ரல் 18 ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். போர்த்துகீசிய வழித்தோன்றலும் இந்தியக் குருதியும் கலந்த குடும்பம் அவருடையது. ஆங்கிலேயர் இக்குடும்பங்களைத் தம்மவராக ஏற்கவில்லை, இந்துக்களும் ஏற்கவில்லை. இரு கரைக்கும் நடுவே நின்ற அச்சிறுவன், ஸ்காட்லாந்து நாட்டவரான டேவிட் டிரம்மண்ட் நடத்திய பள்ளியில் பயின்றான். இனம் பாராமல் எல்லாச் சிறுவர்களையும் ஒன்றாக அமர்த்திக் கற்பித்த பள்ளி அது. எதையும் ஏன், எப்படி என்று கேட்கும் பழக்கம் அங்கேதான் அவனிடம் வேரூன்றியது.

பதினான்கு வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. தந்தை பணியாற்றிய வணிக நிறுவனத்தில் சிறிது காலம் எழுத்தராக இருந்தார். பின்னர்ப் பாகல்பூரில் உறவினரின் அவுரித் தோட்டத்திற்குச் சென்றார். கங்கைக் கரையின் எழில் அவரைக் கவிஞராக்கியது. அவர் எழுதியனுப்பிய ஆங்கிலக் கவிதைகளைக் கல்கத்தா இதழ்கள் விரும்பி வெளியிட்டன. 1827 இல் முதல் கவிதை நூலும், 1828 இல் இரண்டாம் நூலும் வெளிவந்தன. இந்தியாவைத் தாய்நாடாக விளித்து ஆங்கிலத்தில் பாடிய முதற்கவிஞர்களுள் ஒருவர் அவர்.

பதினேழு வயது ஆசிரியர்

1817 இல் கல்கத்தா மக்களின் முயற்சியால் தோன்றியது இந்துக் கல்லூரி. 1826 இல் டெரோசியோ அங்கே ஆங்கில இலக்கியமும் வரலாறும் கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினேழு. நம்மில் பலர் பிளஸ் டூ தேர்வு எழுதும் வயது! அவரிடம் பாடம் கேட்ட மாணவர்களுக்கும் அவருக்கும் சில ஆண்டுகளே வேறுபாடு. ஆகவே அவர் ஆசானாக மட்டுமின்றித் தோழராகவும் திகழ்ந்தார். பாட வேளை முடிந்த பின்னும் மாணவர்கள் அவரைச் சூழ்ந்து நின்று பேசினர். அவர் இல்லம் தேடிச் சென்றனர். நூல்களைப் படித்துக் காட்டுவார், கேள்வி கேட்பார், தம் கருத்தை மறுத்துப் பேசும்படி மாணவரையே தூண்டுவார்.

மன்றத்தின் தோற்றம்

வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் இப்பேச்சு அடங்கவில்லை. 1828 இல் ‘அகாடமிக் அசோசியேஷன்’ என்னும் மன்றம் பிறந்தது. டெரோசியோ தலைவர், உமாசரண் பாசு செயலாளர். முதலில் டெரோசியோவின் வீட்டிலும், பிறகு மாணிக்தலாவில் ஸ்ரீகிருஷ்ண சிங் என்பவரின் தோட்ட இல்லத்திலும் கூட்டங்கள் நடைபெற்றன.

அங்கே எதைப் பற்றிப் பேசினார்கள்? விதி வலியதா, மனிதன் தன் விருப்பப்படி செயல்பட வல்லவனா? உண்மை பேசுதல் ஏன் உயர்ந்தது? நாட்டுப்பற்று என்பது யாது? கடவுள் உண்டு என்பதற்கும் இல்லை என்பதற்கும் கூறப்படும் காரணங்கள் யாவை? உருவ வழிபாடு தேவையா? ஒருவர் ஒரு பக்கம் நின்று பேச, மற்றொருவர் எழுந்து மறுப்பார். ஆங்கில நாட்டு அறிஞர்களின் நூல்களிலிருந்து சான்றுகள் காட்டுவர். தலைவர் இருதரப்பையும் கேட்டு முடிவுரை கூறுவார்.

பதினாறு, பதினேழு வயது இளைஞர்களின் இப்பேச்சைக் கேட்கப் பெரியோர் பலர் வந்தமர்ந்தனர். கல்விக் கொடையாளர் டேவிட் ஹேர் அடிக்கடி வந்தார். உச்ச நீதிமன்ற நீதிபதி எட்வர்ட் ரையனும் வந்ததுண்டு. நீதிபதி கேட்கிறாரே என்று மாணவர்கள் பேச்சைக் குறைத்துக் கொள்ளவில்லை என்பதே அம்மன்றத்தின் பெருமை.

1830 இல் மாணவர்கள் ‘பார்த்தினான்’ என்ற ஆங்கில இதழைத் தொடங்கினர். பெண்களுக்குக் கல்வி வேண்டும் என்றும், ஏழைக்கு எட்டாத அளவுக்கு நீதிமன்றச் செலவு உயர்ந்துள்ளது என்றும் அதில் எழுதினர். முதல் இதழோடு அது நிறுத்தப்பட்டது.

வந்தது எதிர்ப்பு

பிள்ளைகள் வீட்டில் வழிபாட்டை மறுக்கிறார்கள், வழக்கங்களைக் கேலி செய்கிறார்கள் என்று பெற்றோர் கலங்கினர். சிலர் தம் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினர். டெரோசியோவைப் பற்றி இல்லாத பழிகளும் ஊரெங்கும் பரவின.

1831 ஏப்ரல் 23 ஆம் நாள் கல்லூரி நிர்வாகக் குழு கூடியது. மாணவர்க்கு ஆசிரியராக இருக்கத் தகுதியற்றவர் டெரோசியோ என்று கூறப் பெரும்பான்மையோர் முன்வரவில்லை. ஆயினும், ஊரின் கொதிப்பைத் தணிக்க அவரை நீக்குவது நல்லது என்று பெரும்பான்மையோர் முடிவு செய்தனர். டேவிட் ஹேரும் வடமொழி அறிஞர் வில்சனும் வாக்களிக்காமல் ஒதுங்கினர். தேவையில்லை என்று மறுத்து நின்றவர் ஒருவரே. அவர் யார் தெரியுமா? மன்றத்திற்குத் தோட்ட இல்லத்தைத் தந்த அதே ஸ்ரீகிருஷ்ண சிங்!

குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருதரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லப் பழக்கிய ஆசிரியருக்கு, அவர் தரப்பைக் கேளாமலே தீர்ப்பு வழங்கப்பட்டது. இதைச் சுட்டிக்காட்டியே ஏப்ரல் 25 இல் டெரோசியோ பதவி விலகல் கடிதம் அனுப்பினார். வில்சன் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டெழுதினார். கடவுள் நம்பிக்கை உண்டா? பெற்றோரை மதிப்பது கடமையன்று என்று கற்பித்தீரா? உடன்பிறந்தார் மணத்தைச் சரி என்றீரா?

டெரோசியோவின் மறுமொழி நேர்மையானது. கடவுள் இல்லை என்று தாம் யாரிடமும் சொன்னதில்லை என்றார். ஆனால் தத்துவ அறிஞர் ஹியூமின் ஐயங்களையும், அவற்றுக்கு ரீட், ஸ்டூவர்ட் ஆகியோர் தந்த மறுப்புகளையும் சேர்த்தே மாணவர் முன் வைத்ததாக ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். பெற்றோரை அவமதித்த மாணவரைத் தாமே கண்டித்திருப்பதாகத் தெரிவித்தார். மூன்றாவது பழியை அடியோடு மறுத்தார். எனினும் பதவி போனது போனதுதான்.

மறைவு

அவர் சோர்ந்துவிடவில்லை. அதே ஆண்டில் ‘ஈஸ்ட் இந்தியன்’ என்ற நாளிதழைத் தொடங்கித் தம் இனத்தாரின் உரிமைக்காக எழுதினார். ஆனால் காலரா என்னும் கொடிய நோய் அவரைப் பற்றியது. 1831 டிசம்பர் 26 இல் அவர் மறைந்தார். கல்கத்தாவின் சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில் அவர் உறங்குகிறார்.

மன்றம் வளர்த்த மாணவர்கள்

தலைவர் மறைந்தார், மன்றம் மறையவில்லை. டேவிட் ஹேர் தலைமை ஏற்க, அது மேலும் சில ஆண்டுகள் நடந்தது. அங்கே பேசிப் பழகியவர்களே பின்னர் ‘இளம் வங்கம்’ எனப் பெயர் பெற்றனர். கிருஷ்ணமோகன் பானர்ஜி அறிஞராகவும் கிறித்தவப் போதகராகவும் திகழ்ந்தார். பியாரி சந்த் மித்ரா எளிய வங்க மொழியில் உரைநடை எழுதிப் புகழ்பெற்றார். இராம்தனு லாஹிரி ஊர் ஊராகச் சென்று கற்பித்த நல்லாசிரியர் ஆனார்.

அறிவியல் மாணவர்களாகிய நமக்கு உவகை தருபவர் இராதாநாத் சிக்தார். 1831 இல் நில அளவைத் துறையில் கணக்கிடுநராகச் சேர்ந்தவர் அவர். இமயத்தில் ‘பதினைந்தாம் சிகரம்’ என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்த மலையின் உயரத்தைக் கணக்கிட்டதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1856 இல் அறிவிக்கப்பட்ட உயரம் 29,002 அடி. 2020 இல் நவீனக் கருவிகள் கொண்டு அறிவிக்கப்பட்ட உயரத்திற்கும் அதற்கும் ஏறத்தாழ 30 அடியே வேறுபாடு! ஆனால் சிகரத்திற்குச் சூட்டப்பட்டதோ முன்னாள் தலைமை அளவையாளர் எவரெஸ்ட்டின் பெயர். இதே சிக்தார், 1843 இல் அளவைத் துறைத் தொழிலாளரிடம் ஆங்கில அதிகாரி ஒருவர் கட்டாய வேலை வாங்கியதை எதிர்த்து நின்று 200 ரூபாய் தண்டம் கட்டியவர். மன்றத்தில் பழகிய நா, அதிகாரியின் முன்னும் அடங்கவில்லை.

மீண்டும் ஒரு சோதனை

1838 இல் இம்மாணவர்கள் ‘பொது அறிவு ஈட்டும் சங்கம்’ ஒன்றைக் கண்டனர். 1843 பிப்ரவரி 8 ஆம் நாள் இந்துக் கல்லூரி மண்டபத்தில் அதன் கூட்டம். கம்பெனி ஆட்சியின் குற்றவியல் நீதிமன்றங்களையும் காவல் துறையையும் குறைகூறித் தட்சிணாரஞ்சன் முகர்ஜி கட்டுரை படித்தார். அவையில் இருந்த ஆங்கிலப் பேராசிரியர் ரிச்சர்ட்சன் எழுந்து, இது அரச துரோகப் பேச்சு, இதற்கு இம்மண்டபத்தில் இடமில்லை என்று குறுக்கிட்டார். ஷேக்ஸ்பியரைக் கற்பிப்பதில் பெயர் பெற்றவர் அவர். தலைவர் தாராசந்த் சக்கரவர்த்தியோ சிறிதும் அஞ்சவில்லை. இங்கே நீங்கள் பார்வையாளர். பேசுபவரை இடைமறிக்க உங்களுக்கு உரிமையில்லை. சொன்னதைத் திரும்பப் பெறுங்கள் என்னும் கருத்துப்பட உறுதியாகக் கூறினார்.

ஒரே கல்லூரி, இருவரும் ஆங்கில ஆசிரியர்கள். ஒருவர் மாணவரின் வாயைத் திறந்தார். மற்றவர் அதை மூட முயன்றார். திறந்த வாய் மூடவில்லை.

குறையும் நிறையும்

டெரோசியோவின் மாணவர்களிடம் குறையே இல்லை என்பதற்கில்லை. 1831 ஆகஸ்டில் கிருஷ்ணமோகன் வீட்டில் கூடிய நண்பர்கள், பசு இறைச்சி எலும்பை அடுத்த வீட்டில் வீசி அண்டை அயலாரைப் புண்படுத்தினர். கருத்தை மறுப்பது வேறு. மனத்தைக் காயப்படுத்துவது வேறு. அவ்வேறுபாட்டை இளமை வேகம் மறைத்துவிட்டது.

இன்னொரு குறையும் உண்டு. அக்கல்லூரி இந்துக் குடும்பத்து ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே திறந்திருந்தது. அவர்களிலும் பெரும்பாலோர் வசதி படைத்த மேல்சாதியினர். பெண்கல்வி பற்றி எழுதிய இதழை நடத்தியவர்களுள் பெண் ஒருத்தியும் இல்லை; ஏழைக்கு நீதி கேட்டவர்களுள் உழவர் வீட்டுப் பிள்ளையைக் காண்பது அரிது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அந்நாளில் கல்கத்தாவில் பிறந்திருந்தால், அம்மன்றத்தில் எனக்கு ஓர் இருக்கை கிடைத்திராது.

நம் கடமை

இன்று நிலைமை மாறியிருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளின் வாயில் வழியே உழவர், நெசவாளர், கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஆணும் பெண்ணுமாக உள்ளே வருகிறோம். துறைதோறும் மன்றங்கள் உள்ளன. ஆனால் பல மன்றங்களின் ஆண்டு வாழ்வு இரண்டே நாளில் முடிந்துவிடுகிறது. ஒன்று தொடக்க விழா. மற்றொன்று நிறைவு விழா. வரவேற்புரை, பொன்னாடை, சிறப்புரை, நன்றியுரை, நாட்டுப்பண். மாணவர் கேள்வி கேட்கும் நேரம் மட்டும் நிகழ்ச்சி நிரலில் இல்லை.

வீட்டில் நாளிதழ் வாங்காத, நாலு பேர் முன் எழுந்து நிற்கவே கால் நடுங்கும் நம் போன்றோர்க்குத்தான் மன்றம் மிகுதியும் தேவை. வசதியுள்ளவர் பேசக் கற்க வேறு இடங்கள் பல உண்டு. நமக்கு இதுதான் இடம். டெரோசியோவுக்கு மண்டபமும் இல்லை, மானியமும் இல்லை. அவரிடம் இருந்தவை ஒரு தோட்ட வீடு, சில நூல்கள், மறுத்துப் பேசினால் மகிழும் மனம் ஆகிய மூன்றே. மன்றப் பொறுப்பேற்கும் மாணவ நண்பர்களே! மாதம் ஒரு மாலை, ஒரு பொருள், இருதரப்பு, கேட்கும் பொறுமையுள்ள ஒரு தலைவர். இவை போதும், தொடங்குவோம்! பேராசிரியப் பெருமக்களும் டேவிட் ஹேரைப் போல அவையில் வந்தமர்ந்து எங்கள் பேச்சைக் கேட்க வேண்டுகிறோம்.